உண்ண மறுக்கும் கொம்புத் தவளை

தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டு, இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கண்ணாடித் தொட்டிகளில் செல்லப் பிராணியாக வளர்க்கப்படும் கொம்புத் தவளை, எதிரில் அசைவதை எல்லாம் விழுங்கிவிடும் பெருந்தீனிக்காரன் என்று பெயரெடுத்த விலங்கு. கண்ணிமைக்கு மேலே கூம்பாக எழுந்து நிற்கும் தோல் மடிப்பு அதற்குக் கொம்புத் தவளை என்ற பெயரைத் தந்தது. தலையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் வாயோ, 1980-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளியான வீடியோ விளையாட்டின் நாயகனை நினைவூட்டி, 'பாக்-மேன் தவளை' என்ற வணிகப் பெயரைத் தந்தது. இத்தகைய தவளை, வீட்டுக்கு வந்த சில நாட்களிலோ, பல மாதம் நன்றாகத் தின்று கொழுத்த பிறகு திடீரென்றோ, வாய் திறக்க மறுத்துவிடுவது வளர்ப்போர் பலரும் சந்திக்கும் கவலையாகும். இதைப் பிடிவாதம் என்று கொண்டு, குழந்தைக்குச் சோறூட்டுவது போல் மீண்டும் மீண்டும் இரையை வாயருகே நீட்டுவது இயல்பாக எழும் செயலே ஆனாலும், அதனால் பயன் விளைவது அரிது. தவளையின் பசி அதன் வயிற்றில் மட்டும் பிறப்பதில்லை. சுற்றியுள்ள வெப்பமும் ஈரமும் இரையின் அசைவும் சேர்ந்தே அதைப் பிறப்பிக்கின்றன. எனவே பெரும்பாலான வேளைகளில் சீர்செய்ய வேண்டியது தொட்டிதான்.

வளர்ப்பில் மிகுதியாகக் காணப்படும் இரண்டு இனங்களில் ஒன்றான செராடோஃப்ரிஸ் கிரான்வெல்லி, அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா, பிரேசில் ஆகிய நாடுகளில் பரந்து கிடக்கும் கிரான் சாக்கோ என்னும் முட்காட்டுச் சமவெளியில் வாழ்வது. மற்றொன்றான செராடோஃப்ரிஸ் ஆர்னேட்டா, அதற்குத் தெற்கே பாம்பாஸ் எனப்படும் புல்வெளியைச் சேர்ந்தது. சாக்கோவில் ஆண்டின் வெப்பமான பாதியில் மழை பெய்து, குளிர்ந்த பாதி வறண்டு போகிறது. குட்டைகள் வற்றத் தொடங்கியதும் தவளை பின்னங்கால்களால் மண்ணைத் தோண்டிப் பின்புறமாகவே உள்ளிறங்கி, தோலை உரிக்கிறது. மற்றக் காலங்களில் உரித்த தோலைத் தானே தின்றுவிடும் அது, இப்போது தின்னாமல் உடம்பின் மேலேயே அடுக்கடுக்காகப் படியவிட்டு, மூச்சுக்கு மட்டும் வழிவிட்டு, நீர் வெளியேறாத ஓர் உறையை அமைத்துக்கொள்கிறது. உடலின் இயக்கத்தைத் தாழ்த்திக்கொண்டு மழைக்காகக் காத்திருக்கும் இந்நிலையை வறட்சி உறக்கம் எனலாம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி உடம்பை நனைக்கும்போது அது உறையைக் கிழித்து மேலே வருகிறது. ஓர் ஆண்டுக்குத் தேவையான இரையையும், இணையையும், தன் குஞ்சுகளுக்கான குட்டையையும் அந்தச் சில மாதங்களுக்குள் அது தேடிக்கொண்டாக வேண்டும். பெருந்தீனியும் நீண்ட பட்டினியும் ஒரே வாழ்க்கைமுறையின் இரு பகுதிகள் என்பதை இங்கே காணலாம்.

பட்டினிக் காலத்தில் இதன் குடலுமே மாறிவிடுகிறது. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சீகோர் 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, வறட்சியில் உறங்கும் வழக்கமுள்ள தவளை இனங்கள் உணவில்லாத காலத்தில் குடலின் உறிஞ்சும் ஆற்றலைப் பெருமளவு தாழ்த்திக்கொண்டு, இரை கிடைத்ததும் அதை மீட்டெடுக்கின்றன என்றும், ஆண்டு முழுதும் அடிக்கடி உண்ணும் இனங்களில் இத்தாழ்வு சிறியதே என்றும் காட்டியது. செரிமான உறுப்புகளை எப்போதும் ஆயத்தமாக வைத்திருப்பதற்கே ஆற்றல் செலவாகும் ஆதலால், உணவு எப்போது வரும் என்று தெரியாத விலங்குக்கு இது பெரும் சிக்கனம். ஆகையால் 'ஒழுங்காக உண்ணுதல்' என்பதற்கு மனிதர் கொள்ளும் பொருளை இதன்மேல் ஏற்றிப் பார்ப்பது பொருந்தாது. வேகமாக வளரும் குட்டிக்கு ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை இரை வேண்டும். முழு வளர்ச்சியடைந்த தவளைக்கு வாரம் ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ போதும். உண்ணவில்லை என்று கவலையோடு பேசப்படும் தவளைகளுள் கணிசமானவை, உண்மையில் போதுமான அளவு உண்டு செரித்துக்கொண்டிருப்பவை. நாள்தோறும் ஊட்ட விரும்பும் அன்பே அங்கே குறையைக் கற்பிக்கிறது.

மெய்யாகவே உண்ணாத தவளையின் தொட்டியில் முதலில் பார்க்க வேண்டியது வெப்பமானி. தவளை புறவெப்ப விலங்கு, அதாவது உடலின் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாமல் சூழலிலிருந்து பெறுவது. வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் அதன் வளர்சிதை மாற்றம், அதாவது உடலுக்குள் நிகழும் வேதிவினைகளின் மொத்த வேகம், ஏறத்தாழப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். பகலில் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ், இரவில் சற்றுக் குறைவு என்ற அளவில் இயல்பாக உண்ணும் தவளை, 20 டிகிரிக்குக் கீழே இரையைப் பார்த்தும் பாராதது போல் அமர்ந்திருக்கும். விழுங்கினாலும் அது செரிக்காமல் வயிற்றிலேயே அழுகக்கூடும் என்பதால் அந்த மறுப்பு அதற்கு நன்மையே செய்கிறது. வெப்பம் தரும் விரிப்பைத் தொட்டியின் அடியில் வைப்பது பரவலான வழக்கமாயினும் அது தீங்கானது. மண்ணுக்குள் இறங்கினால் குளிர்ச்சி கிடைக்கும் என்பதே இத்தவளை பிறவியிலேயே கொண்டுவரும் அறிவு. அடியிலிருந்து சூடேற்றினால், சூட்டுக்குத் தப்ப நினைத்து அது சூட்டை நோக்கியே தோண்டிச் சென்று வயிறு வெந்துவிடும். விரிப்பைப் பக்கச் சுவரில் பொருத்தி, குறித்த வெப்பத்தில் தானே நின்றுவிடும் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைப்பதே சரி.

அடுத்தது ஈரம். குளிர்நாட்டு வீடுகளில் பனிக்காலத்தில் அறையைச் சூடேற்றும்போது காற்று வறண்டுவிடுவதால், தொட்டியின் மேல்மண் காய்ந்து, தவளைக்குச் சாக்கோவின் வறட்சி வந்துவிட்டதாகவே தோன்றுகிறது. அது உள்ளிறங்கி, கண்ணை மூடி, தோல் மங்கி, நாட்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. இந்தியாவும் இலங்கையும் ஏற்றுமதி செய்யும் தென்னை நார்த்தூள்தான் இத்தொட்டிகளில் பெரும்பாலும் நிரப்பப்படுவது. அதை நனைக்கும் பதம் புட்டு மாவின் பதம், கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், நீர் சொட்டக் கூடாது. தவளை வாயால் நீர் பருகுவதில்லை. அடிவயிற்றிலும் தொடையடியிலும் உள்ள மெல்லிய தோல் வழியாகவே நீரை உறிஞ்சுகிறது. எனவே, குளோரின் நீக்கிய வெதுவெதுப்பான நீரை, அமர்ந்தால் தாடை நனையாத ஆழத்தில் ஊற்றி, அதில் தவளையைச் சிறிது நேரம் இருத்துவது அதற்கு மழை பெய்த செய்தியைச் சொல்வதாக அமைகிறது. மறுநாள் அது கண்விழித்து மண்ணின் மேற்பரப்புக்கு வந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிப் பதுங்கியிருக்குமானால், வேட்டைக்கு ஆயத்தமாகிவிட்டது என்று கொள்ளலாம்.

அந்த வேட்டையை எழுப்புவது அசைவு. 1959-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஜெரோம் லெட்வின், ஊம்பெர்த்தோ மதுரானா, வாரன் மெக்கல்லாக், வால்டர் பிட்ஸ் ஆகிய நால்வரும், தவளையின் கண் அதன் மூளைக்கு எதைச் சொல்கிறது என்ற வினாவை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். கண் காட்சியை அப்படியே மூளைக்கு அனுப்புவதில்லை என்பதும், ஒளியை உணரும் திரையாகிய விழித்திரையின் நரம்பணுக்களே காட்சியைத் தரம் பிரித்து, சிறிய கருநிறப் பொருள் ஒன்று பார்வைப் புலத்துக்குள் நகர்ந்துவருவதைச் சிறப்பாக எடுத்துரைக்கின்றன என்பதும் அவர்கள் கண்டவை. அசையாத இரைகளால் சூழப்பட்டிருந்தாலும் தவளை பட்டினியால் இறந்துபோகக்கூடும் என்று அக்கட்டுரை கூறியது. பின்னர் ஜெர்மானிய ஆய்வாளர் யோர்க்-பீட்டர் ஏவர்ட், தேரைகளுக்கு முன்னால் அட்டைத் துண்டுகளை நகர்த்திப் பார்த்து, நீண்ட துண்டு தன் நீளவாக்கிலேயே நகர்ந்தால் தேரை அதைப் புழுவாகக் கருதிப் பாய்வதையும், அதே துண்டைச் செங்குத்தாக நிறுத்தி நகர்த்தினால் சட்டை செய்யாமலோ அஞ்சி ஒடுங்கியோ இருப்பதையும் நிறுவினார். தவளை வளர்ப்பவருக்கு இவ்விரு ஆய்வுகளைக் காட்டிலும் பயனுள்ள அறிவுரை கிடைப்பது அரிது. செத்த பூச்சியைத் தட்டில் வைத்துவிட்டுக் காத்திருப்பதும், மண்புழுவின் நடுவைப் பிடித்து மேலிருந்து தொங்கவிட்டு ஆட்டுவதும் ஏன் பலிப்பதில்லை என்பது இங்கே விளங்கிவிடுகிறது.

நுனி மழுங்கிய நீண்ட இடுக்கியால் புழுவை ஒரு முனையில் பிடித்து, விளக்குகளைத் தணித்த மாலை நேரத்தில், தவளையின் கண்மட்டத்தில் தரையை ஒட்டி நீளவாக்கில் மெல்ல இழுத்து, இடையிடையே நிறுத்த வேண்டும். பசியுள்ள தவளை முதலில் அசைவதில்லை. கண்கள் மட்டும் சற்று உயர்கின்றன, பிறகு உடல் நார்த்தூளுக்குள்ளிருந்தபடியே புழுவின் திசைக்கு மெதுவாகத் திரும்புகிறது, சில வேளைகளில் பின்னங்கால் விரல் ஒன்று புழுப் போல நெளியத் தொடங்குகிறது. காட்டில் சிறு தவளைகளையும் பல்லிகளையும் அருகே இழுப்பதற்கு அது வைத்திருக்கும் தூண்டில் அது. அதன் பின்னர் நடப்பது கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் முடிந்துவிடுகிறது. வாய் மூடியதும் முன்கைகள் இரண்டும் மாறி மாறிப் புழுவின் மீதியை உள்ளே தள்ள, கண்கள் தலைக்குள் ஆழ்ந்து மறைகின்றன. கண்கோளங்கள் வாயின் மேற்கூரையை அழுத்தி இரையைத் தொண்டைக்குள் செலுத்துவதால் ஏற்படும் மறைவு அது. இந்த ஒழுங்கில் எங்கேனும் தவளை பின்வாங்கினால், சில நிமிடங்களுக்கு மேல் வற்புறுத்தாமல் நிறுத்திவிட வேண்டும். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வந்தால் அதைப் பொருட்படுத்தாமல் விடவும் அது பழகிக்கொள்ளும்.

பாய்கிறது, ஆனால் இரை ஒட்டவில்லை என்னும் நிலை தனியே கருதத்தக்கது. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல், கண்ணாடித் தகட்டுக்குப் பின்னே பூச்சியை வைத்துக் கொம்புத் தவளையின் நாக்கு ஒட்டும் விசையை அளந்து, அது தவளையின் சொந்த எடையையே தூக்கும் அளவுக்கு மேற்பட்டதாக இருக்கக்கூடும் என்று கண்டனர். நாக்கிலுள்ள சுரப்பிகளின் பிசின் போன்ற சளி இதற்குத் துணை. வைட்டமின் ஏ குறையும்போது இச்சுரப்பிகளின் மென்மையான செல்கள் தடித்த தோல்செல்களாக மாறிச் சளி வற்றிவிடுகிறது; அமெரிக்காவில் அழிவின் விளிம்பிலிருந்து காப்பதற்காக வளர்க்கப்பட்ட வயோமிங் தேரைகளில் இக்கேடு நன்கு அறியப்பட்டது. குறிபார்த்து நாக்கை நீட்டியும் இரை நழுவிப்போகும் தவளை, பலமுறை தோற்றபின் முயற்சியையே விட்டுவிடும். அதைப் பசியற்றது என்று எண்ணுவது எவ்வளவு பெரிய அநீதி! இதற்குரிய வைட்டமின் மருந்தின் அளவைக் கால்நடை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும், ஏனெனில் மிகுதியும் நஞ்சாகும்.

எதை ஊட்டுவது என்பதில் பெரிய மர்மம் ஏதும் இல்லை. மண்புழுவே தலையாய உணவு. சுவர்க்கோழியும் வளர்ப்புக் கரப்பானும் அடுத்தவை. பூச்சிகளில் பாஸ்பரஸ் மிகுந்தும் கால்சியம் குறைந்தும் இருப்பதால், சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவிக் கொடுக்க வேண்டும். எலிக்குஞ்சையே கொடுத்துப் பழக்கினால் தவளை கொழுத்து, பிற இரையை ஏறிட்டும் பாராது. உண்ணாத பூச்சிகளை இரவு முழுதும் தொட்டியில் விட்டுவைத்தால் அவை தவளையின் தோலைக் கடித்துப் புண்ணாக்கும்.

புதிதாக வந்த தவளையை ஒரு வாரம் தொடாமலும் அடிக்கடி எட்டிப் பாராமலும் விட்டுவைப்பது, எந்த மருந்தையும்விட விரைவாக அதற்குப் பசியைத் தரும். வாயைத் திறந்து இரையைத் திணிப்பது, மருத்துவர் செய்ய வேண்டிய கடைசி வழி. பழகாத கையில் தாடை எலும்பு முறியும், அச்சத்தால் மறுப்பும் நீளும். தொட்டி சரியாக இருந்தும் உண்ணாமை தொடர்ந்து, அத்துடன் தோல் அடிக்கடி உரிவது, கால்களின் அடிப்புறம் சிவப்பது, வயிறு உப்புவது, கழிவு வெளியேறாமை ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் அது நோயின் அறிகுறி. உலகெங்கும் தவளைகளை அழித்துவருவதும் 1999-இல் முதன்முதலாக அறிவியல் பெயர் பெற்றதுமான கைட்ரிட் பூஞ்சை தோலைத் தாக்கும்போதும், உணவை வெறுப்பது அதன் தொடக்கக் குறிகளில் ஒன்றாகக் காணப்படும். அதற்கு மருத்துவம் உண்டு, காலம் தாழ்த்தாமல் கொண்டுசென்றால்.

கிராம் கணக்கில் காட்டும் சிறிய தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வைப்பவருக்கு, கவலைப்பட வேண்டிய மறுப்பும் பொறுத்திருக்க வேண்டிய மறுப்பும் எளிதில் பிரிந்து தெரியும். முழு வளர்ச்சியடைந்த தவளை சில வாரம் உண்ணாவிட்டாலும் எடை நிலையாக இருந்தால் காத்திருக்கலாம். குட்டித் தவளை ஒரு வாரத்துக்கு மேல் மறுத்தாலோ, எந்த வயதினதாயினும் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, அன்றே தவளைகளைப் பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் அதைக் கொண்டுசெல்ல வேண்டும்.