ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து கொரியா வரை

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், சேலையூரையும் கேம்ப் ரோடு சந்திப்பையும் கடந்தால் வருவது ராஜகீழ்ப்பாக்கம். ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர், இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. அன்பு வாசகர்களே! இவ்வழியே நீங்கள் பயணம் செய்திருந்தால் இரண்டைக் கவனித்திருப்பீர்கள். ஒன்று, அருகிலுள்ள விமானப்படைத் தளத்திலிருந்து எழுந்து தலைக்கு மேலே வட்டமிடும் பயிற்சி விமானங்களின் ஓசை. மற்றொன்று, விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாலையோரம் காத்து நிற்கும் இளைஞர் கூட்டம். இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள கொரிய நிறுவனங்கள் இன்று இந்தப் புறநகர்க் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பை எரிய வைக்கின்றன.

கொரியர் நமக்குத் தொழில் கொண்டு வந்தது 1990களின் பிற்பகுதியில். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னரே நம்மவர் கொரியாவுக்கு ஒன்றைக் கொண்டு சென்றனர். அது என்னவென்று நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

1950 ஜூன் 25 அன்று வடகொரியப் படை தெற்கே நுழைந்தது. அமெரிக்காவின் தலைமையில் ஐக்கிய நாடுகளின் படைகள் எதிர்த்து நின்றன. பின்னர்ச் சீனாவும் போரில் இறங்கியது. இடையில் சிக்கிய பொதுமக்களின் துயரத்தை எழுத்தில் அடக்க இயலாது. அந்த ஜூலையில் நோகுன்ரி என்னுமிடத்தில், அகதிகளுக்கிடையே பகைவர் கலந்திருப்பர் என்ற அச்சத்தில், அமெரிக்கப் படையினர் ஏதுமறியாத மக்களைச் சுட்டனர். மாண்டவர்களுள் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். அரை நூற்றாண்டு கடந்து, 2001ஆம் ஆண்டில்தான் அமெரிக்க அதிபர் கிளிண்டன் அதற்காக வருத்தம் தெரிவித்தார். அச்சம் குடிபுகுந்த மனத்துக்கு அகதியும் பகைவனாகவே தெரிகிறான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இந்தியாவிடமும் படையுதவி கேட்கப்பட்டது. பிரதமர் நேருவின் அரசு போரிடும் படையை அனுப்ப மறுத்து, மருத்துவப் படையை அனுப்பியது. அதுதான் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஆர்க்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். ஆர்க்காட்டைத் தம் பெயரிலேயே சுமந்த மருத்துவர்.

1950 நவம்பரில் அவர்கள் கொரியாவில் கால் வைத்தனர். வட பகுதியின் பியோங்யாங் நகரை அடைந்த சில நாட்களிலேயே பின்வாங்கும் கட்டளை வந்தது. கருவிகளை ஏற்றிச் செல்லப் போதிய வாகனம் இல்லை. விட்டுவிட்டு வந்திருக்கலாம்; விடவில்லை. கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நீராவி ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்தனர். வரிசையாக நின்று வாளி வாளியாக நீர் ஊற்றிக் கொதிகலனை நிரப்பினர். தாமே வண்டியை ஓட்டி, பாலம் தகர்க்கப்படுவதற்கு முன்னர் ஆற்றைக் கடந்தனர். அதே தேதோங் ஆற்றில், உடைந்த பாலத்தின் இரும்புச் சட்டங்களைப் பற்றிக்கொண்டு முதியோரும் தாய்மாரும் எறும்புச் சாரை போல் கடந்து வந்த காட்சி புகைப்படமாகி உலகையே உலுக்கியது.

1951 மார்ச் 23 அன்று முன்சான் என்னுமிடத்தில் அமெரிக்கப் படையினர் ஆயிரக்கணக்கில் வானிலிருந்து குதித்தனர். அவர்களோடு ரங்கராஜ் தலைமையில் நம்மவர் பன்னிருவரும் குதித்தனர். அமெரிக்கர் குதித்தது போரிட. இவர்கள் குதித்தது காயத்துக்குக் கட்டுப் போட. களத்திலேயே கூடாரம் அமைத்து அறுவைச் சிகிச்சை செய்தனர். இப்பிரிவின் மற்றொரு பகுதியோ தேகு நகரில் தங்கிக் கொரியப் பொதுமக்களுக்கு மருத்துவம் பார்த்தது. ராஜகீழ்ப்பாக்கத்து வானில் விமானம் ஒலிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பன்னிருவரின் நினைவே எழுகிறது.

போருக்குச் சென்றவர்களே அநாதைகளை அரவணைத்த செய்தியும் உண்டு. துருக்கிப் படையினர் சுவோன் நகரில் ‘அங்காரா பள்ளி’ என்ற பெயரில் பெற்றோரை இழந்த கொரியக் குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தனர். அவர்களின் தொடர்பால் கொரியர் சிலர் இஸ்லாத்தை அறிந்து தழுவினர். பின்னாளில், 1976இல், சியோல் நகரில் பெரிய பள்ளிவாசல் ஒன்றும் எழுந்தது.

1953 ஜூலை 27 அன்று போர் நின்றது. வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்று மறுத்த கைதிகளை யார் ஏற்பது? ஜெனரல் திம்மய்யாவின் தலைமையிலான நடுநிலை ஆணையத்தின் பொறுப்பில் இருந்த கைதிகளுள் 88 பேர் அப்படி மறுத்தவர்கள். கொரியர் 76 பேர், சீனர் 12 பேர். 1954 பிப்ரவரியில் கப்பலேறிய அவர்கள் வந்து இறங்கிய துறைமுகம் எது தெரியுமா? நம் சென்னைதான்! சொந்த மண்ணை இழந்தவர்களுக்கு முதலில் கரை காட்டியது இந்த நகரம். பின்னர் அவர்களுள் பெரும்பாலோர் தென் அமெரிக்கா சென்றனர். சிலர் இந்தியாவிலேயே தங்கினர்.

மகாவீர் சக்கரம் பெற்ற ரங்கராஜ் 2009இல் மறைந்தார். 2020 ஜூலையில் தென்கொரிய அரசு அவரை அந்த மாதத்தின் போர் வீரராக அறிவித்துச் சிறப்பித்தது. எழுபது ஆண்டுகள் கழிந்தும் அவர்கள் மறக்கவில்லை. நாமோ அவர் பெயரையே அறியாதிருக்கிறோம்!

வாசகப் பெருமக்களே! அடுத்த முறை இச்சாலையில் செல்லும்போது, அருகில் அமர்ந்திருக்கும் மகனிடமோ மகளிடமோ இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். தாம்பரத்தைச் சுற்றிலும் ஓய்வு பெற்ற படைவீரர் பலர் வாழ்கின்றனர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கக்கூடும். எத்தனை பேரை வீழ்த்தினீர்கள் என்று அவரிடம் கேட்க வேண்டாம். எத்தனை பேரைக் காத்தீர்கள் என்று கேளுங்கள். போரின் உண்மையான வரலாறு அந்த விடையில்தான் இருக்கிறது.