ஹோம் மேட்னா எந்த ஹோம்?

ஊட்டி சேரிங் கிராஸில் நின்றுகொண்டு, கண்ணை மூடி ஒரு கல்லை விட்டெறியுங்கள். ஒன்று அது ஸ்வெட்டர் கடையில் விழும். இல்லையென்றால் 'ஹோம் மேட் சாக்லேட்' கடையில் விழும். (எறிந்த பிறகு ஓடத் தெரிந்திருக்க வேண்டும். அது தனிக் கலை!)

வர்க்கி, தைலம், டீத்தூள், சாக்லேட் - இந்த நான்கும் இல்லாமல் ஊட்டியிலிருந்து இறங்கி வந்தவனை ஆபீஸில் மனுஷனாகவே மதிப்பதில்லை. 'லீவு போட்டுட்டு ஊட்டிக்குப் போனியா, இல்லே ஊத்துக்கோட்டைக்குப் போனியா?' என்று சந்தேகப்படுவார்கள். நான் ஆபீஸ் போகாத ஆசாமி. ஆனால் மனைவிக்கு ஆபீஸ் உண்டு. "செக்ஷன்ல பதினாறு பேர். ஆளுக்கு ரெண்டு. மேனேஜருக்கு மூணு" என்று பட்ஜெட் போட்டுத்தான் அனுப்பினார்.

பட்ஜெட்டில் சேராத ஐட்டம் ஒன்று உண்டு. என் மாமனார். அரையாண்டுப் பரீட்சை லீவு விட்டால் பேரனைப் பார்க்க வந்துவிடுவார். பன்னிரண்டு வருஷமாக சுகர். பாதத்தில் மரமரப்பு ஆரம்பித்து, செருப்பு நழுவினால்கூடத் தெரிவதில்லை என்ற கட்டம். டாக்டர் இந்த முறை சிரிக்காமல் பேசியிருக்கிறார். ஆனால் மனுஷருக்கு சாக்லேட் என்றால் உயிர். போன லீவில், தலையணை உறைக்குள்ளிருந்து பதினோரு ஜிகினா பேப்பர் கிடைத்தது. தாத்தாவும் பேரனும் கூட்டுக் களவாணிகள். வீட்டுக்கு வீடு இப்படி ஒரு தலையணை இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்து கோடிக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறது. எத்தனை தலையணை உறைகள், பாருங்கள்!

ஆகவே ஒரு கடையில் நுழைந்து, "கொஞ்சம் உடம்புக்கு ஒத்துக்கிற மாதிரி இருக்கா?" என்று கேட்டேன்.

"எல்லாமே ஹோம் மேட்தான் சார். வீட்ல செஞ்சது. உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது."

"வீடு எங்கே?"

கடைக்காரர் நல்ல மனுஷர். கோபித்துக்கொள்ளாமல் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு கேஸ் அடுப்பு, ஒரு பாத்திரத்தில் வெந்நீர், அதற்குள் இன்னொரு பாத்திரம். செங்கல் மாதிரி ஒரு பழுப்பு நிறப் பாளத்தைச் சீவிப் போட்டு உருக்குகிறார்கள். முந்திரி, திராட்சை, பாதாம் என்று கையில் கிடைத்ததைக் கலக்கிறார்கள். அச்சில் ஊற்றுகிறார்கள். ஊட்டிக் குளிருக்குக் கொஞ்ச நேரத்தில் அதுவே இறுகிவிடுகிறது. ஏ.சி. செலவு மிச்சம்! 2,240 மீட்டர் உயரத்தில் இயற்கையே ஃபிரிட்ஜைத் திறந்து வைத்திருக்கும்போது, மின்சார வாரியத்துக்கு எதற்கு தண்டம்?

நானும் பி.காம். படித்தவன். சரக்கின் கொள்முதல் தெரியாமல் லாபம் போட மனசு வராது. அந்தப் பாளத்தின் உறையைத் திருப்பிப் பார்த்தேன். உறையில் எது முதலில் எழுதியிருக்கிறதோ அதுதான் எடையில் அதிகம் என்பது சட்டம். முதலில் சர்க்கரை. இரண்டாவது ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு. அதாவது நம் வனஸ்பதிக்கு ஒன்றுவிட்ட தம்பி. கோகோ பவுடர், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தூரத்து சொந்தக்காரர் மாதிரி பின்னால் தள்ளி நின்றுகொண்டிருந்தது.

இதற்கு 'காம்பவுண்ட்' என்று பெயர். நிஜ சாக்லேட்டின் கொழுப்பு கோகோ பட்டர். அது சுமார் 34 டிகிரியில் உருகும். நம் வாய்ச் சூடு அதைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் கரைந்து காணாமல் போகிறது. காம்பவுண்ட் அப்படிப் போகாது. மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல ஒட்டிக்கொண்டு, காபி குடித்தாலும் 'நான் இங்கேதான் இருக்கேன்' என்று சொல்லும். காம்பவுண்டை உருக்கி ஊற்றினால் போதும். நிஜ சாக்லேட்டையோ 45 டிகிரிக்குச் சூடாக்கி, 27-க்கு இறக்கி, திரும்ப 31-க்கு ஏற்றி... தாஜா பண்ண வேண்டும். பண்ணாவிட்டால் மேலே வெள்ளை பூத்துவிடும். எந்தக் கடைக்காரர் தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார்ந்திருப்பார்?

இன்னொரு காரணம் விலை. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே மழையும் நோயும் சேர்ந்து விளைச்சலைக் கெடுத்ததில், 2024 டிசம்பரில் ஒரு டன் கோகோ 12,000 டாலரைத் தொட்டது. பிறகு இறங்கியது என்றாலும், கடைக்காரருக்குக் கிலி பிடித்தது பிடித்ததுதான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். கோகோ பட்டர் சேர்த்து ஒழுங்காகச் செய்கிற கடைகளும் ஊட்டியில் இருக்கின்றன. விலை அதிகம். "கோகோ பட்டரா, வெஜிடபிள் ஃபேட்டா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஒழுங்கான கடை உடனே பதில் சொல்லும். மற்றவர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

'சுகர் ஃப்ரீ' என்று ஒரு வகையும் காட்டினார்கள். அதில் சர்க்கரைக்குப் பதில் பெரும்பாலும் மால்டிடால். ஒன்றிரண்டு தின்றால் பரவாயில்லை. பத்து தின்றால் மலை ரயிலில் கீழே இறங்குவது கஷ்டம். மேட்டுப்பாளையம் வரை 46 கிலோமீட்டர். அதற்கு மேல் நான் விவரிக்கப் போவதில்லை.

பதினாறு பேருக்கு ஒரு பெட்டி வாங்கிவிட்டு (ஆபீஸ் வேறு, மாமனார் வேறு), கீழே இறங்கினேன். நேரே வீட்டுக்கு இல்லை, கோயம்புத்தூர் தாண்டி பொள்ளாச்சி, அங்கிருந்து ஆனைமலைப் பக்கம். சாக்லேட் விற்கிற ஊரில் கோகோ மரம் ஒன்றுகூடக் கிடையாது, கவனித்தீர்களா? அது சூடும் ஈரமும் கேட்கிற மரம். ஊட்டிக் குளிருக்கு ஒரு வாரம் தாங்காது. அதன் ஊர் இந்தத் தென்னந்தோப்புகள்தான்.

இந்தியாவில் கோகோவைப் பயிராக வளர்க்கும் முயற்சியை கேட்பரி நிறுவனம் 1965-ல் வயநாட்டில் ஆரம்பித்தது. இன்றைக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு நடுவே ஊடுபயிராக நிற்கிறது. தென்னை வெயிலை வடிகட்டிக் கொடுக்க, கோகோ நிழலில் சுகமாக வளர்கிறது. மாமியார் மாதிரி தென்னை மேலே, மருமகள் மாதிரி கோகோ கீழே. ஆனால் சண்டை கிடையாது.

தெரிந்தவர் மூலம் ஒரு தோட்டத்துக்காரரைப் பிடித்தேன். அறுபது வயசிருக்கும்.

"வாங் தம்பி. ஊட்டியிலிருந்தா வர்றீங்? அங்க டப்பாவுல பாத்தது இங்க மரத்துல இருக்குதுங்" என்று தோப்புக்குள் கூட்டிப் போனார்.

பலா மாதிரி அடிமரத்திலேயே காய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழுத்தால் மஞ்சள். ஒரு பழத்தைப் பறித்து, கத்தியைத் தொடாமல் கல்லில் ஒரு தட்டுத் தட்டிப் பிளந்தார். கத்தி பட்டால் உள்ளே விதை வெட்டுப்படுமாம். உள்ளே நாற்பது விதை இருக்கும். மேலே வெள்ளைச் சதை. வாயில் போட்டால் புளிப்பும் இனிப்புமாக சீத்தாப்பழத்துக்கும் மங்குஸ்தானுக்கும் நடுவில் ஒரு ருசி. சாக்லேட்டின் வாசனை மருந்துக்குக்கூட இல்லை!

"அது அப்புறமாத்தான் வருமுங்" என்றார் பெரியவர். விதையைச் சதையோடு கூடையில் கொட்டி, வாழை இலையால் மூடி, ஐந்தாறு நாள் புளிக்க விடுகிறார்கள். நடுவே கிளறிவிட வேண்டும். கூடைக்குள் கையை வைத்துப் பார்த்தேன். கஷாயச் சூடு. காடி வாசனை மூக்கைத் துளைத்தது. இந்தப் புளிப்பில்தான் பின்னால் வரப்போகிற சாக்லேட் வாசனைக்கு அஸ்திவாரம். இதைச் சரியாகச் செய்யாத விதையை எந்த ஊர் நிபுணன் வறுத்தாலும் உப்புச் சப்பு இருக்காது. பிறகு ஒரு வாரம் வெயிலில் காயல். காய்ந்தபின் எடை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே நிற்கும், அவ்வளவுதான்.

"இதுல அணிலுக்குப் பங்கு, எலிக்குப் பங்கு. மிச்சம்தானுங் நமக்கு."

"ஐயா, நீங்க சாக்லேட் சாப்பிடுவீங்களா?"

"நமக்கெதுக்குங்? கருப்பட்டிக் காபி போதுமுங்."

கோயம்புத்தூர் ஜில்லாவுக்கும் சாக்லேட்டுக்கும் இன்னொரு உறவு உண்டு. அமெரிக்காவில் சின்ன அளவில் சாக்லேட் செய்கிறவர்கள் கோகோ அரைக்க என்ன வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? நம் இட்லி மாவு கிரைண்டர்! அதே கருங்கல் உருளை. மோட்டார் மட்டும் கொஞ்சம் பலசாலியாக மாற்றி, ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள்கூட விடாமல் ஓட விடுகிறார்கள். மனைவியிடம் இந்தத் தகவலை ஆவலாகச் சொன்னேன். "நம்ம கிரைண்டர் மேல கை வெச்சுப் பாருங்க" என்று ஒரே வாக்கியத்தில் ஆராய்ச்சி முடிந்துவிட்டது. சரிதான். சாக்லேட்டில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலே கட்டி தட்டிவிடும். உளுந்து அரைத்த கல்லில் அது வேலைக்கு ஆகாது.

பெரியவர் கொடுத்த கால் கிலோ காய்ந்த விதையை வைத்துக்கொண்டு, மாமனாருக்காக நாங்கள் செய்தது இதுதான். ரொம்பச் சுலபம். பேச்சிலர் ரூமில்கூட ஒரு மிக்ஸி இருந்தால் போதும்.

விதையை இரும்புச் சட்டியில், சிறு தீயில், இருபது இருபத்தைந்து நிமிஷம் வறுத்தோம். படபடவென்று வெடிக்க ஆரம்பித்ததும் வீடு முழுக்க ஒரு வாசனை... பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்டினார். ஆறியதும் வேர்க்கடலை மாதிரியே தோலை நிமிண்டி, முறத்தில் புடைத்து, பருப்பை ஒன்றிரண்டாக உடைத்து வைத்துக்கொண்டோம். (விதை கிடைக்காதவர்கள் இந்தப் பாராவையே தாண்டிவிடலாம். உருண்டை கோவித்துக்கொள்ளாது.)

வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 150 கிராம். மிக்ஸியில் போட்டு எண்ணெய் விட ஆரம்பிக்கும்வரை அரைக்க வேண்டும். அதோடு கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 100 கிராம், சர்க்கரை சேர்க்காத கோகோ பவுடர் 30 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. மறுபடி ஒரு சுற்று. கையில் பிடித்தால் உருண்டு நிற்க வேண்டும். உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய். கடைசியில் உடைத்த கோகோ பருப்பு ஒரு கைப்பிடி. இருபது உருண்டை பிடித்து, கோகோ பவுடரில் புரட்டினால் முடிந்தது. கோகோ வாங்கும்போது உறையில் 'ஆல்கலி' சேர்த்தது என்று போட்டிருந்தால் தவிர்க்கலாம். அந்தப் பக்குவத்தில் கோகோவின் நல்ல சத்துகளில் பெரும் பங்கு போய்விடுகிறது.

இப்போது ஐந்தொகை. 'சர்க்கரையே இல்லாத ஸ்வீட்' என்று பேரீச்சம்பழத்தைக் காட்டிச் சொல்கிறார்களே, அதை நம்பாதீர்கள். பேரீச்சையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். கருப்பட்டியும் அதே கட்சி, சட்டை மட்டும் வேறு. என் கணக்குப்படி ஒரு உருண்டையில் சுமார் 3 கிராம் சர்க்கரை வருகிறது. அதே எடை மில்க் சாக்லேட்டில் 7 கிராம். பாதிக்கும் குறைவு. கூடவே கடலையின் புரதம், பேரீச்சையின் நார். ஆகவே இது மருந்து இல்லை. திருட்டுத்தனமாகத் தின்கிற பதினொன்றுக்குப் பதில் பகிரங்கமாகத் தின்கிற ஒன்று. உலக சுகாதார நிறுவனம், நல்ல உடம்புக்காரர்களுக்கே ஒரு நாளைக்குச் சேர்க்கிற சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. நாம் டீக்கடையிலேயே அதைத் தாண்டிவிடுகிறோம், அது வேறு!

டாக்டரிடம் அளவைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்துதான் மாமனாரிடம் தட்டை நீட்டினோம். ஒன்றை எடுத்து, பாதி கடித்து, கண்ணை மூடினார். கோகோ பருப்பு 'நறுக்'கென்று கடிபட்டது. கொஞ்சம் கசப்பு. முகத்தில் அது தெரிந்தது.

"மாப்ளே... இது சாக்லேட் இல்லே."

"இல்லே மாமா."

"ஆனா பரவால்லே" என்று மீதிப் பாதியையும் போட்டுக்கொண்டு, இரண்டாவதுக்குக் கையை நீட்டினார். மனைவி டப்பாவை மூடிவிட்டார். ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். ஒரு நாளைக்கு ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் நடந்துவிட்டு வந்தால் மட்டும். பேரனுக்கும் அதே ரேஷன். இரண்டு பேரும் இப்போது தெருமுனை வரை நடந்துவிட்டு வந்து, ஃபிரிட்ஜ் முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். தலையணை உறையை வாராவாரம் சோதனை போடுகிற பொறுப்பு மட்டும் என் தலையில்.