பீப்பா கழுவிய படலம்

பாத்திரம் கழுவுவதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன்னராயின் நாமும் அவ்வாறே உயர்த்தியிருப்போம். இரசாயனவியலிற் பட்டம் பெற்று, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையின் முன் நின்று, சோதனைக்குழாயைக் கழுவும் விதத்தை மாணவர்க்குப் போதித்து வந்தவர் நாம். எமக்கு ஒரு பிளாஸ்டிக் பீப்பாவைக் கழுவத் தெரியாது என்ற உண்மை கரைத்தீவில்தான் தெரியவந்தது.

கரைத்தீவு என்றவுடன் விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவை எண்ணிவிடாதீர்கள். அது கிழக்கே அம்பாறை மாவட்டத்தில் உள்ளது. நாம் குறிப்பிடுவது புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டை நோக்கிச் செல்லும் பக்கத்தில் உள்ள கரைத்தீவை. உப்புக் காற்றும் வெயிலும் இங்கு குறைவின்றிக் கிடைக்கும். அருகே அருவாக்காட்டில் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்கிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிற் கிடக்கும் அதே மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்தான் இப்பக்கத்திலும் உள்ளது. ஆதலால் மாற்றலாகி வந்த முதல் நாள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்ததும், சவர்க்காரம் நுரைக்க மறுத்ததும், பிறந்த ஊரிலேயே இருப்பதுபோன்ற ஓர் உணர்வு எமக்கு ஏற்பட்டது.

நாம் குடியிருந்த அறைக்குப் பக்கத்து வளவில் ஓர் இஸ்லாமிய அம்மையார் இருந்தார். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து கையிற் கிடைத்ததுடன் வந்து சேர்ந்தவர்களுள் அவரும் ஒருவர். ஊரார் அவரை ராத்தா என்று அழைத்தனர். நாமும் அவ்வாறே அழைத்தோம். கணவர் காலமான பின்னர் வினாகிரி செய்தும், அச்சாறு போட்டும் மகனைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். மகன் எம் வகுப்பு மாணவன். க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஓர் ஆண்டு இருந்தது.

வினாகிரி செய்வது எளிய தொழிலன்று. தென்னை மிகுந்த இம்மாவட்டத்தில், தேங்காய் உடைக்கும் இடங்களில் வீணே நிலத்தில் ஊற்றப்படும் நீரை வாங்கிவர வேண்டும். முற்றிய தேங்காயின் நீரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் சர்க்கரை இருக்கும். அதற்குச் சீனி சேர்த்துக் காய்ச்சி ஆற்றி மதுவம் இட வேண்டும். ஐந்தாறு நாளில் நுரைத்துப் பொங்கி அடங்கும். மதுவம் சீனியைத் தின்று எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றிவிட்டது என்பது அதன் பொருள். பின்னர் பழைய வினாகிரியில் ஒரு பங்கைச் சேர்த்து, வாயைத் துணியாற் கட்டி, காற்றுப் படும்படி வைத்தால், வேறொரு சாதிப் பற்றீரியா அந்த எதனோலை ஒட்சிசனோடு கூட்டி அசற்றிக்கமிலமாக்கும். இதற்குச் சில வாரங்கள் செல்லும். ஆக, ஒரே வீட்டுக் கொட்டகையில் இரு வகை நுண்ணங்கிகளை வரவேற்று, மற்றெல்லா நுண்ணங்கிகளையும் வாசலில் தடுத்து நிறுத்த வேண்டும். தடுத்து நிறுத்துபவர் கழுவுகிறவர்.

ராத்தாவிடம் முன்னர் இரண்டு பீங்கான் சாடிகள் இருந்தன. அவற்றில் ஒருபோதும் எதுவும் கெட்டதில்லையாம். வியாபாரம் சற்றுப் பெருகியபோது, அடியிற் குழாய் பொருத்திய பெரிய பிளாஸ்டிக் பீப்பா ஒன்றை வாங்கினார். முதல் இரண்டு தடவை நன்றாகவே வந்தது. மாரி காலத்தில் மூன்றாவது தடவை கெட்டது. கரண்டியால் தூக்கினால் நூல் நூலாக இழுபட்டது. அழுகிய கிழங்கின் மணம் வீசியது.

“மாஸ்டர், நீங்க விஞ்ஞானம் படிச்ச ஆள். இதக் கொஞ்சம் வந்து பாருங்களேன்” என்றார்.

பட்டதாரியை இவ்வாறு அழைத்தால் அவர் பார்க்காமல் இருப்பாரா? பார்த்தோம். மணந்தோம். ‘கிருமி’ என்று தீர்ப்பளித்தோம். வெளிற்றும் தூளைத் தண்ணீரிற் குழைத்துப் பீப்பாவுக்குள் ஊற்றி ஓரிரவு வைக்கும்படி சொன்னோம். எவ்வளவு என்று ராத்தா கேட்டார். கூடினாற் குற்றமில்லை என்றோம். அந்தச் சொல்லை இன்றைக்கும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பீப்பாவின் அடியில் நான்கைந்து விரற்கடை பழைய வினாகிரி கிடந்தது. அதனை நாம் கவனிக்கவில்லை. வெளியே ஊற்றும்படி சொல்லவும் இல்லை. மறுநாட் பிற்பகல், மழைக்காகக் கதவைச் சாத்திய கொட்டகைக்குள், பையன் தூளைக் கரைத்து அதன்மேல் ஊற்றியிருக்கிறான். நாம் அறையிலிருந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். இருமல் ஒலியும் அதன் பின் ராத்தாவின் கூக்குரலும் கேட்டன. ஓடிச் சென்றபோது அவன் வாசலில் முழந்தாளிட்டுக் கிடந்தான். கண்களிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. கொட்டகைக்குள்ளிருந்து வந்த மணம் எமக்குப் பழக்கமான மணந்தான். ஆய்வுகூடத்தில் பலமுறை நாமே உண்டாக்கிய மணம். வெளிற்றும் தூளோடு அமிலம் சேர்ந்தாற் குளோரீன் வாயு வெளிவரும் என்பதை அந்தத் தவணையிலேயே அவன் வகுப்பிற்கு எழுதிக் காட்டியிருந்தோம். சமன்பாட்டின் கீழே இரண்டு கோடு கீறியும் விட்டிருந்தோம்.

முச்சக்கரவண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். ஒட்சிசன் கொடுத்து ஓரிரவு வைத்துப் பார்த்தார்கள். அன்றிரவு நாம் அங்கிருந்த வாங்கிலில் உட்கார்ந்திருந்தோம். ராத்தா எம்மை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சற்று இலகுவாக இருந்திருக்கும். விடியற்காலையில் பையன் கரகரத்த குரலில், “சேர், இது நீங்க படிப்பிச்ச குளோரீன்தானே?” என்று கேட்டான். ஆம் என்றோம். வேறென்ன சொல்ல?

அவன் தேறி வீடு வந்தான். பீப்பாவைப் பலமுறை அலசினோம். இத்தனை குளோரீனுக்குப் பின்னர் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்க முடியாதென்று நாமே சான்று பகர்ந்தோம். ராத்தா மீண்டும் நாற்பது இலீற்றர் நீரும், ஐந்து கிலோ சீனியும் இட்டார். நான்காம் நாள் மீண்டும் நூல் இழுத்தது. சீனி விற்கும் விலை வாசகர்கள் அறியாததன்று. அவர் எல்லாவற்றையும் தென்னையடியில் ஊற்றியதை நாம் வேலிக்கு இப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

இவ்விடத்தில் லூயி பாஸ்டரை நினைத்துக்கொண்டோம். 1856ஆம் ஆண்டில், பிரான்சின் லீல் நகரில் அவர் பேராசிரியராக இருந்தபோது, மாணவன் ஒருவனின் தந்தையான பிகோ என்பவர், தம் வடிசாலையில் பீட்கிழங்கு ஊறல் கெட்டுப்போவதாக வந்து முறையிட்டார். பாஸ்டர் சென்று, துளித்துளியாக எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான மதுவக் கலங்களும், கெட்ட தொட்டியில் கோல் வடிவான வேறு சிற்றுயிர்களும் இருக்கக் கண்டார். நாமும் ஒரு மாணவனின் பெற்றோருக்கு உதவப் புறப்பட்டவர்தாம். ஒப்புமை அத்துடன் முடிந்தது. அவர் தீர்ப்புச் சொல்லுமுன் பார்த்தார்.

பார்க்க வைத்தவர் ராத்தாதான். “குழாயக் கழட்டி ஒருக்காலும் கழுவல்லயே, மாஸ்டர்” என்றார். கழற்றினோம். திருகுமறைக்குள்ளும், இறப்பர் வளையத்தின் அடியிலும் கபில நிறத்தில் வழுவழுப்பாக ஒன்று திரண்டு கிடந்தது. பீப்பாவின் உட்சுவரில், தும்பு வைத்துத் தேய்த்ததனால் ஏற்பட்ட நூற்றுக்கணக்கான கீறல்கள்; அக்கீறல்களிலும் அதுவே. கிணற்று நீரின் சுண்ணாம்பு வேறு மெல்லிய ஓடாகப் படிந்து அதற்குக் கூரை வேய்ந்திருந்தது. நாம் ஊற்றிய குளோரீன் மேற்படையிலிருந்த அழுக்கோடு போராடித் தன் வலுவை இழந்துவிட்டது. அடியில் இருந்தவை நலமே இருந்தன. அழுக்கை அகற்றுவது ஒரு வேலை, கிருமியை அழிப்பது வேறொரு வேலை, முன்னது முடியாமற் பின்னது நடவாது என்பதை, இரசாயனம் படித்த நாம் ஒரு குழாயின் திருகுமறையில் எழுதியிருக்கக் கண்டோம்.

அப்போதுதான் எம் இளமைக்கால ஊர் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவுப் பனைகளில் ஒரு பெரியவர் கருப்பநீர் இறக்குவார். அப்பாச்சியிலும் வயதில் மூத்தவர். ஆயினும் அப்பாச்சி அவரை ‘நீ’ என்றுதான் அழைப்பார். கருப்பநீரை அவர் எட்ட நின்று எங்கள் பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். அவர் சென்றபின் அப்பாச்சி அந்த இடத்திற்குத் தண்ணீர் தெளிப்பார். எங்கள் வீட்டில் சுத்தம் என்பது அதுவாக இருந்தது. அவரோ வேலியோரத்திற் குந்தியிருந்து முட்டிகளைக் கழுவுவார். ஒவ்வொன்றினுள்ளும் கையை விட்டுத் தடவுவார். முகத்தை உள்ளே வைத்து மணப்பார். சிறிது புளித்த மணம் இருந்தாலும் மீண்டும் கழுவுவார். பின் ஓலை நெருப்பின் அனலிற் காட்டி, வெயிலிற் கவிழ்த்து, காய்ந்தபின் உட்புறத்தில் மெல்லியதாகச் சுண்ணாம்பு பூசுவார். கள்ளுக்கு விடும் முட்டிக்குச் சுண்ணாம்பில்லை. சுண்ணாம்பின் காரம் மதுவத்தையும் பற்றீரியாவையும் அடக்குவதால் கருப்பநீர் இனிப்பாகவே இறங்கும். அதில்லையேல் பனையின் உச்சியிலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். தென்னிலங்கையில் இதே பயனுக்காக முட்டியில் ஹல் மரப்பட்டைத் துண்டை இடும் வழக்கமும் உண்டு.

அவருடைய முட்டியை விடச் சுத்தமான பாத்திரம் எங்கள் அடுக்களையில் இருந்ததா என்பது இப்போது ஐயமாகவே இருக்கிறது. அப்பாச்சியிடம் கேட்க இயலாது. அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் இயலாது, இருவரும் இன்றில்லை.

மண்பாத்திரத்தைப் பற்றி இடையில் ஒன்று. கரைத்தீவுக்கு வடக்கே, காட்டுக்குள், பொம்பரிப்பில் பழங்காலத்து ஈமத்தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. 1956இலும் 1970இலும் அங்கு ஆய்வு நடந்தது. அத்துணைக் காலம் நிலைக்கும் மண்ணுக்கு ஒரு குணம். அது நுண்துளைகளால் ஆனது, எதைக் கொடுத்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகையால் முட்டியைச் சவர்க்காரத்தால் கழுவலாகாது. அடுத்த தடவை சவர்க்காரம் குடிக்க நேரும். சுடுநீரும் அனலும் வெயிலுமே அதற்கு ஏற்றவை. அந்தப் பெரியவர் இதனை எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவரல்லர்.

பீப்பாவுக்கு வருவோம். நாமும் பையனும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை முழுவதும் செலவிட்டோம். குழாயைக் கழற்றித் துண்டு துண்டாக்கினோம். சுண்ணாம்பு ஓட்டைக் கரைக்க வினாகிரியையே ஊற்றி வைத்தோம். பின் அதனை முற்றாக அலசி அகற்றினோம்; இம்முறை இருமுறை பார்த்தோம். சலவைச் சோடாவை வெந்நீரிற் கரைத்து ஊறவிட்டு மென்துணியால் துடைத்தோம். இறப்பர் வளையத்தை எறிந்துவிட்டுப் புதியது போட்டோம். கண்ணுக்கும் மூக்குக்கும் விரலுக்கும் குற்றம் தெரியாத நிலை வந்த பின்னரே, கடையில் விற்கும் மணமூட்டாத நீர்ம வெளிற்றியில் ஒரு மேசைக்கரண்டியை ஐந்து இலீற்றர் தண்ணீருக்கு என்ற அளவிற் கலந்து, திறந்த முற்றத்தில் வைத்து, பதினைந்து நிமிடம் எல்லா இடமும் படும்படி விட்டோம். கொதித்தாறிய நீரால் அலசிக் கவிழ்த்தோம். போத்தல்களுக்கு இத்தனை தொல்லையில்லை. தண்ணீருள் வைத்து மெல்ல மெல்லச் சூடேற்றிக் கொதிக்க விட்டால் போதும். அலுமினியப் பாத்திரத்தையும் செப்புப் பாத்திரத்தையும் வினாகிரிக்கு அண்டவிடலாகாது. அமிலம் உலோகத்தைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும்.

இலண்டனில் இருக்கும் எம் மைத்துனர் ஒருவர் வீட்டிலேயே பியர் வடிப்பவர். அங்கு 1963ஆம் ஆண்டிலிருந்து அதற்குத் தடையில்லை. இங்கோ 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, யாரும் முயலற்க. எம் கதையைத் தொலைபேசியிற் கேட்ட அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “அத்தான், இந்தத் தொழிலில் முக்காற் பங்கு கழுவுறதுதான், மிச்சம் பொறுத்திருக்கிறது” என்றார். முன்னரே கேட்டிருக்கலாம். ஆனால் பட்டதாரி, மற்றொருவரிடம் கழுவும் விதம் கேட்பாரா?

அந்தத் தடவை போட்டது கெடவில்லை. ஆறாம் நாள் நுரை அடங்கியது. ஒன்றரை மாதத்தில் நல்ல புளிப்பும் மணமும் வந்தன. முதற் போத்தலை ராத்தா எமக்கே கொடுத்தனுப்பினார். வீணாய்ப் போன சீனிக்கென்று நாம் நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை. பையனின் பரீட்சைக்குக் கணக்குப் படிப்பித்தால் போதும் என்றார். படிப்பித்தோம். அவன் இருமல் மாரி மாதங்களில் இன்னும் சில நாள் திரும்பி வருகிறது. வேலிக்கு அப்பால் அது கேட்கும்போதெல்லாம் எம் கையிலுள்ள பேனா நின்றுவிடுகிறது.

சனிக்கிழமைகளில் பீப்பா கழுவும்போது நாமும் போவோம். ஆனால் குழாயைத் தொட ராத்தா விடுவதில்லை. அதனைத் தாமே கழற்றி, தாமே துடைத்து, எம் மூக்கின் அருகே நீட்டுவார்.

“நீங்க மணந்து மட்டும் பாருங்க, மாஸ்டர். அது போதும்.”