மீந்த சாமான்

ஒரு பின்கதவு தேவைப்பட்டது. கதவை மட்டும் கழற்றித் தர ஆள் இல்லை. ஓடாமல் நின்ற பத்மினி காரை முழுசாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் வீட்டில் சாமான் சேர்வது பெரும்பாலும் இப்படித்தான். கதவு என் வண்டிக்குப் போயிற்று. மற்றதெல்லாம் நூல் கோன் வந்த அட்டைப்பெட்டிகளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

*

காயலாங்கடையில் எல்லாம் கிலோ கணக்கு. கார்புரேட்டர் அலுமினியமாகவும் ரேடியேட்டர் பித்தளையாகவும் எடை போடப்படும். அப்படிப் போட மனம் வரவில்லை. 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்று வந்து, 1974-இல் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய வண்டி இது. மும்பை குர்லா ஆலையில் உற்பத்தி நின்று 20 ஆண்டுக்கு மேல் ஆகிறது. 20 வயது வரம்பு வந்ததால் 2023 அக்டோபரோடு மும்பையின் கடைசி பத்மினி டாக்சியும் ஓய்ந்தது. டாக்சிகளை நம்பி நடந்த சாமான் வியாபாரம் இனிச் சுருங்காமல் என்ன செய்யும்? இனி ஒருவர் பெட்டியில் இருப்பது இன்னொருவர் வண்டிக்குப் போனால்தான் உண்டு.

*

2021-இல் வந்த வின்டேஜ் வாகன விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிக்குத் தனிப் பதிவு கிடைக்கும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. முதல் பத்மினிகள் அந்த வயதை இப்போதுதான் தொட்டிருக்கின்றன. டீசல் இன்ஜின் மாற்றிய வண்டிக்காரர்கள் பழைய 1089 சிசி பெட்ரோல் இன்ஜினைத் தேடி வருகிறார்கள். கழற்றியபோதே தூக்கிப் போடாமல் இருந்திருக்கலாம்.

*

மீந்ததை விற்க எங்கள் திருப்பூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எக்ஸ்போர்ட் மிச்சம் காதர்பேட்டைக்குப் போகிறது. கட்டிங் டேபிளில் விழுந்த துண்டு, பனியன் வேஸ்டாகி மெக்கானிக் பட்டறைக்குப் போகிறது. என் பெட்டிகளில் சாமானைச் சுற்றி வைத்திருப்பதும் அதில்தான்.

செக்கிங் டேபிளில் பெண்கள் குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதையே நானும் செய்கிறேன். கிரில்லில் ஒரு கம்பி வளைந்திருக்கிறதா, அங்கே ஒரு அம்பு. வீல் கப்பில் குரோம் உரிந்திருக்கிறதா, அங்கே ஒன்று. வாங்க வருபவர் முதலில் அம்பைப் பார்க்கட்டும், அப்புறம் சாமானைப் பார்க்கட்டும். துடைத்துப் பெயின்ட் அடித்து விற்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெயின்டுக்குக் கீழே துருவா பட்டியா என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

*

பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பி, ஸ்டியரிங் பக்கத்துக் கை கியருக்கான லிங்க் கேட்டு வந்தார்.

"ஏனுங்ண்ணா, புஷ் தேய்ஞ்சிருக்குதுங்களா?"

"தேய்ஞ்சிருக்குது தம்பி. ஆட்டம் இருக்குது. லேத்துல கடைஞ்சு போட்டுக்கோணும்."

"ராடு வளையலீங்களே?"

"இல்லை. தரையில உருட்டிப் பாருங்க."

உருட்டிப் பார்த்தார், எடுத்துக்கொண்டார். பாதிப் பணம் தந்தார். மீதிக்கு அவரிடம் இரண்டாக இருந்த டெயில் லாம்ப் லென்ஸில் ஒன்றைத் தந்தார். இந்த மாற்றுமுறைதான் எனக்குப் பிடித்தது. இரண்டு வண்டிகள் ஒரே நாளில் ஒரு படி தேறுகின்றன.

*

விலை: டூப்ளிகேட் புதிதாகக் கிடைக்கும் சாமானுக்கு அதில் பாதிக்கு மேல் கேட்பதில்லை. கிடைக்காத சாமானுக்கு, முழு வண்டிக்குக் கொடுத்ததில் அதன் பங்கு எவ்வளவு என்று பார்க்கிறேன். கோவை உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு வாடகையும் ஆள் கூலியும் உண்டு, அவர்கள் விலை அவர்களுக்கு நியாயம். நான் அந்த விலையைச் சொல்லக் கூடாது.

*

பிரேக் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் கிட் இரண்டையும் யார் கேட்டாலும் தருவதில்லை. பழைய ரப்பர் மேலே நன்றாக இருந்து உள்ளே விட்டிருக்கும். வெட்டிப் போட்டுவிட்டேன்.

*

இன்ஜின் விற்பது தனிச் சமாச்சாரம். அதில் நம்பர் இருக்கிறது. வண்டியை உடைத்தால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டம், 55-ஆம் பிரிவு. பலர் இதைச் செய்வதில்லை, பிறகு காகிதம் இல்லாத இன்ஜினை வாங்கியவர்தான் அலைகிறார். ரத்தான ஆர்சியின் நகலும், கையெழுத்திட்ட ரசீதும் இல்லாமல் என் இன்ஜின் ஷெட்டை விட்டுப் போகாது.

*

ஜி.டி. நாயுடு இளவயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, முதல் வேலையாக அதைப் பிரித்துத்தான் போட்டார். பிறகு பூட்டினார். கோவை ஜிடி கார் மியூசியத்துக்கு அழைத்துப் போன பிள்ளைகளிடம் நான் சொன்னது அந்தக் கதையைத்தான். பிரித்துப் பார்த்த கைக்குத்தான் எந்தச் சாமான் எதற்கு என்று தெரியும். அப்படிப்பட்ட கைக்கு விலையைக் குறைத்தே கொடுக்கலாம்.

*

மிச்சம் இருப்பது: டைனமோ, இடது முன் மட்கார்டு, பின் கண்ணாடி. கண்ணாடியை ஈரோட்டுக்காரர் பார்சல் சர்வீஸில் போடச் சொல்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மெத்தையோடு வண்டி எடுத்து வருகிறாராம். மட்கார்டையும் அவரே கேட்டால் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.