பதினேழு வயதில் போட்ட கணக்கு

மொராதாபாத் பித்தளைச் சாமான்களுக்குப் பேர்போன ஊர். அங்கே ஓர் ஏற்றுமதி வியாபாரியிடம் கணக்குப்பிள்ளையாக இருப்பவரின் மகன், 2019-ல் பிளஸ் டூ முடித்த கையோடு சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் படிப்பில் சேர்ந்தான். கல்லூரிப் பக்கம் போகவில்லை. வீட்டில் யாரும் தடுக்கவும் இல்லை. சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேட்டில் முப்பது வருடமாக முதலாளியின் கணக்கை எழுதிவந்த தந்தைக்கு ஆடிட்டர்கள் மேல் அளவில்லாத மரியாதை. "எழுதுவது நான், கையெழுத்துப் போடுவது அவர். பேங்க்காரன் அவர் கையெழுத்தைத்தான் பார்க்கிறான், பேட்டா" என்பார்.

சம்பளக்காரக் குடும்பங்களை இந்தப் படிப்பு இழுப்பதற்கு இன்னொரு காரணம், செலவு. இன்ஜினீயரிங் போல லட்சக்கணக்கில் கட்டணம் கிடையாது. நன்கொடை கிடையாது. 1949-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தியச் சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்கள் கழகமே பாடத்திட்டம் வகுத்து, தேர்வும் நடத்துகிறது. பத்தாவது முடித்தவர் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். பிளஸ் டூ எழுதிய பிறகு பவுண்டேஷன் தேர்வு எழுதலாம். காமர்ஸ் எடுத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சீட்டு கிடைக்காமல் திரும்பியவர் யாருமில்லை. உள்ளே போனவர்கள் வெளியே வருவதில்தான் சிக்கல்.

பையன் தில்லி லட்சுமி நகருக்கு வந்து சேர்ந்தான். யமுனைக்குக் கிழக்கே உள்ள அந்தப் பேட்டையில் தெருவுக்குத் தெரு சி.ஏ. கோச்சிங் சென்டர்கள். ஒரே அறையில் நாலு பேர் தங்கினார்கள். பவுண்டேஷனில் நாலு தாள்கள். ஒவ்வொன்றிலும் 40 மார்க் எடுக்க வேண்டும், மொத்தத்தில் 50 சதவீதமும் வர வேண்டும். இரண்டு தாள்களில் தப்பான விடைக்குக் கால் மார்க் குறைப்பார்கள். 2024 ஜூனில் இந்தத் தேர்வில் தேறியவர்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு. அவன் முதல் தடவையிலேயே தேறினான். ஊரில் இனிப்பு கொடுத்தார்கள்.

அடுத்தது இன்டர்மீடியட். அன்றைய திட்டப்படி எட்டுத் தாள்கள், இரண்டு குரூப்புகள். கொரோனாவால் 2020 மே தேர்வு ரத்தாகி, நவம்பரில் நடந்தது. முதல் குரூப் தேறியது. இரண்டாவதில் நாலு தாளிலும் நாற்பதுக்கு மேல் இருந்தும் மொத்தம் 193. தேவை 200.

"எதிலும் ஃபெயில் இல்லை என்கிறாய். பிறகு எப்படி ஃபெயில்?" என்று கேட்டார் தந்தை. நாற்பது வந்தால் மட்டும் போதாது, சராசரி ஐம்பது வேண்டும் என்று அவன் விளக்கினான். வாழ்நாளெல்லாம் ஐந்தொகையை நேர்செய்த அவருக்கு இந்தக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை. அடுத்த தடவை ஒரு தாளில் 38 வந்து கவிழ்த்தது. மூன்றாவது முயற்சியில், 2021 டிசம்பரில்தான் கரையேறினான்.

இதற்குள் முதல் குரூப்பை வைத்து ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் சேர்ந்திருந்தான். அப்போது அது மூன்று வருடம். முதல் வருடம் மாதம் 4,000 ரூபாய் ஸ்டைபண்ட். அறை வாடகையில் அவன் பங்குக்கும் சாப்பாட்டுக்கும் அது காணாது. முதல் சில மாதம் ஜெராக்ஸ் எடுப்பதும் வவுச்சர்களைக் கட்டுக்கட்டாக டிக் செய்வதும்தான் வேலை. பிறகு படிப்படியாக உண்மையான வேலை வந்தது. மார்ச் 31 அன்று ஒரு கிடங்கில் சரக்கை எண்ணினான். ஏப்ரலில் வங்கிக் கிளைத் தணிக்கை. மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், செப்டம்பர் நெருங்கினால் வருமான வரித் தணிக்கை. சரக்குப் பதிவேட்டில் இருக்கும் மூட்டை கிடங்கில் இல்லாதபோது மேனேஜரின் முகம் எப்படி மாறும் என்பதைப் பத்தொன்பது வயதில் பார்த்துவிட்டான். எந்த பி.காம். வகுப்பிலும் இது கிடைக்காது.

ஆனால் 2022-ல் பள்ளி நண்பர்கள் பட்டத்தோடு வேலைக்குப் போக ஆரம்பித்தபோது அவனுக்குத் தூக்கம் போயிற்று. சி.ஏ. முடித்தவரை முதுகலைப் பட்டதாரிக்குச் சமமாகக் கருதலாம் என்று 2021-ல் நெட் தேர்வுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்றுக்கொண்டது. முடிக்காதவர்? ஐந்து வருடம் படித்திருந்தாலும் விண்ணப்பத்தில் எழுதக்கூடியது பிளஸ் டூதான். பட்டம் கேட்கும் வங்கி கிளார்க் தேர்வுக்குக்கூட உட்கார முடியாது.

இங்கே அவனைக் காப்பாற்றியது தந்தையின் பிடிவாதம். "வாராக்கடனுக்கு ஒதுக்கு வைக்காத வியாபாரி உண்டா?" என்று சொல்லி, 2019-லேயே தில்லிப் பல்கலைக்கழகத்தின் தபால்வழி பி.காம்.மில் சேர்த்துவிட்டிருந்தார். ஆர்ட்டிகிள்ஷிப்பின்போது வேறு படிப்பு படிக்கக் கழகத்தின் அனுமதி வாங்க வேண்டும், வாங்கினான். தேர்வுகள் ஒன்றோடொன்று மோதி ஒரு வருடம் தள்ளிப்போனாலும், 2023-ல் பட்டம் கைக்கு வந்தது. அதன் பிறகு, தோற்றால் என்ன ஆகும் என்ற பயம் பாதியாகக் குறைந்தது.

ஃபைனலில் 2024 மே தேர்வு கைவிட்டது. அந்த முறை இரண்டு குரூப்பையும் ஒன்றாக எழுதியவர்களில் தேறியவர்கள் ஏறத்தாழ 20 சதவீதம். நவம்பரில் ஒரு குரூப், 2025 மேயில் மற்றது என்று முடித்தபோது அவனுக்கு வயது 23. இருபத்தொன்றில் முடிப்பதாகப் போட்ட திட்டம் இரண்டு வருடம் தவறியிருந்தது. ஆனாலும் பட்டம் வாங்கியபின் இந்தப் படிப்புக்கு வருகிறவர், ஒருமுறைகூடத் தோற்காமல் முடித்தாலும் ஏறக்குறைய அந்த வயதில்தான் வந்து நிற்பார். சீக்கிரம் தொடங்குவதில் உள்ள லாபம் இதுதான்: தோற்பதற்குக் கையில் சில வருடங்கள் மிச்சம் இருக்கின்றன.

எல்லோருக்கும் அந்த லாபம் கிடைப்பதில்லை. அறையில் இருந்த நாலு பேரில் ஒருவன் அவனுக்கு முன்பே முடித்தான். ஒருவன் இன்டர்மீடியட்டில் மூன்று முறை முட்டிவிட்டு அப்பாவின் கடைக்குத் திரும்பினான். நாலாமவன் ஆர்ட்டிகிள்ஷிப்பையும் முடித்து, ஃபைனலில் நான்கு முறை தோற்றவன். பட்டத்துக்குத் தனியாக எதிலும் சேரவில்லை. கவனம் சிதறும் என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள்.

2023 ஜூலை 1 முதல் விதிகள் மாறியிருக்கின்றன. ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டே வருடம். ஆனால் இன்டர்மீடியட்டின் இரண்டு குரூப்பையும் முடித்த பிறகே அதில் சேரலாம். பயிற்சிக்குப் பின் படிக்க ஆறு மாதம் தனியாக உண்டு. தேர்வுகள் வருடத்துக்கு மூன்று முறை நடக்கின்றன. ஃபைனல் தேறாமல் நின்றுபோகிறவர்களுக்கு, இன்டர்மீடியட்டும் பயிற்சியும் உரிய மற்ற வகுப்புகளும் முடித்திருந்தால், ஒரு சான்றிதழ் தரவும் புதிய திட்டத்தில் வழி இருக்கிறது.

நாலாமவன் சேர்ந்தது பழைய திட்டத்தில். இப்போது கான்பூரில் ஒரு டைல்ஸ் கடையில் கணக்குப் பார்க்கிறான். அவன் தயாரிக்கும் ரிட்டர்னில் ஆடிட்டர் தப்புக் கண்டுபிடித்ததில்லை என்று முதலாளி சொல்கிறார். சென்ற வருடம் வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். தரகரிடம் கொடுத்த தாளில் படிப்பு என்ற இடத்தில், யோசித்து யோசித்து, பிளஸ் டூ என்றுதான் எழுத வேண்டியிருந்தது.