நேதாஜிக்கு ஒரு விடுமுறை

இந்தியாவில் தேசத் தலைவர் ஒருவரின் பிறந்தநாளுக்கான தேசிய விடுமுறை காந்தி ஜெயந்தி மட்டுமே. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பிறந்த ஜனவரி 23-க்கும் அதே தகுதி கேட்கும் குரல் ஓயவில்லை. 2021-இல் மத்திய அரசு அந்நாளைப் 'பராக்கிரம தினம்' என அறிவித்தது, விடுமுறை தரவில்லை. மேற்கு வங்கத்தில் மாநில விடுமுறை உண்டு. 2022 நவம்பரில் தேசிய விடுமுறை கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அது அரசு முடிவெடுக்க வேண்டியது; நேதாஜியைப் போல உழைப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்றது அமர்வு. (அந்தக் கணக்கில் காந்திக்கும் விடுமுறை மிஞ்சாது.)

இரு தலைவர்களுக்கும் எங்கள் மதுரையோடு தொடர்பு உண்டு. 1921 செப்டம்பர் 22-இல் காந்தி அரையாடைக்கு மாறியது மதுரையில். 1939 செப்டம்பரில் முத்துராமலிங்கத் தேவருடன் போஸ் வந்ததும் இங்கேதான். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து மதுரை நகருக்குப் போகும் பேருந்துகளில், வேலைநாளில் வரும் ஜனவரி 23 அன்று வழக்கமான அலுவலகக் கூட்டம்தான்.