எருசலேம் திருக்கல்லறைப் பேராலயம்

எருசலேமின் பழைய நகரில், கடைத்தெருக்களின் நெரிசலுக்குள் முகப்பு பாதி மறைந்தபடி நிற்கிறது திருக்கல்லறைப் பேராலயம். இயேசு சிலுவையில் அறையுண்ட கல்வாரியும் அவரை அடக்கிய கல்லறையும் இங்கே ஒரே கூரையின்கீழ் இருப்பதாக மரபு. நற்செய்தி நூல்கள் இவை நகருக்கு வெளியே இருந்ததாகச் சொல்ல, ஆலயமோ மதிலுக்கு உள்ளே இருக்கிறது. இயேசுவுக்குப் பின், முதலாம் ஏரோது அகிரிப்பா காலத்தில் மதில் விரிவாக்கப்பட்டபோது இந்த இடம் நகருக்குள் வந்துவிட்டது.

பேரரசர் ஹாட்ரியன் இங்கே ரோமக் கோயில் எழுப்பினார். பின்வந்த பேரரசர் கான்ஸ்டன்டைன் அதை இடித்து, கல்லறையைச் சுற்றியிருந்த பாறையை வெட்டியெடுத்து, கல்லறையை மட்டும் தனியே நிறுத்தி ஆலயம் கட்டினார். 335-இல் அது அர்ப்பணிக்கப்பட்டது. 614-இல் பாரசீகர் எரித்தனர். 1009-இல் ஃபாத்திமியக் கலீஃபா அல்-ஹாக்கிமின் ஆணையால் கல்லறைப் பாறையின் பெரும்பகுதியே உடைக்கப்பட்டது. இன்றைய கட்டடத்தின் பெரும்பகுதி சிலுவைப்போர்க் காலத்து வேலை.

கல்லறையை மூடி நிற்கும் சிற்றாலயம் 1808-ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பின் கட்டப்பட்டது. உள்ளறையில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேர்தான் நிற்க முடியும். 2016-இல் ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு கல்லறையை மூடியிருந்த பளிங்குப் பலகையை நகர்த்தியபோது, அடியில் சிலுவை பொறித்த மற்றொரு பலகையும், அதன்கீழ்ப் பாறைப் படுக்கையும் தெரிந்தன. அங்கிருந்த சாந்து ஏறத்தாழ 345-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கல்லறை யாருடையது என்பதை அது நிரூபிக்காது. ஆனால் கான்ஸ்டன்டைன் காலத்தவர் வணங்கியது இதே இடத்தைத்தான் என்பதற்கு அது வலுவான சான்று.

கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, அர்மீனிய, கோப்டிக், சிரிய, எத்தியோப்பியத் திருச்சபைகள் ஆறும் இங்கே உரிமை கொண்டாடுகின்றன. எவர் எங்கே, எப்போது வழிபடுவது என்பதை உள்ளபடியே தொடரச் செய்தது 1852-ஆம் ஆண்டு ஒட்டோமான் சுல்தானின் ஆணை. பொது இடத்தில் ஒரு திருச்சபை தன் விருப்பத்துக்கு ஆணி அடிக்கக்கூட முடியாது. வாசலுக்கு மேல் சன்னலடியில் இன்றும் சாத்தியிருக்கும் மர ஏணி 18-ஆம் நூற்றாண்டுப் படங்களிலேயே இருக்கிறது. 1927 நிலநடுக்கத்தில் பழுதான சிற்றாலயத்துக்கு 1947-இல் பிரிட்டிஷார் இரும்புச் சட்டம் கொடுத்து நிறுத்தினர். உடன்பாடு ஏற்பட்டு அதைக் கழற்ற 2017 வரை ஆயிற்று. 1852 ஆணையின் இந்த ஏற்பாடு சிரிப்புக்கு இடமானதுதான். ஆனாலும் ஒருவர் மற்றவரை வெளியேற்றிவிடாமல் காத்ததும் அதுவே. வாசற்சாவி ஜவ்தே குடும்பத்திடம், கதவைத் திறப்பது நுசைபே குடும்பம். இரண்டுமே முஸ்லிம் குடும்பங்கள்.

நுழைவுக் கட்டணம் இல்லை. பகலில் கல்லறைக்கு நெடுநேரம் வரிசையில் நிற்க வேண்டியிருப்பதால், அதிகாலையில் கதவு திறந்ததும் போய்விடுவது நல்லது.